ஓர்கோசோலோவின் சுவர்கள்

இத்தாலியின் சார்டீனியா தீவு என்றால் நீலக் கடலும் பணக்காரர்களின் படகுகளும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால் தீவின் நடுவே, மலைக்குள், ஓர்கோசோலோ என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆடு மேய்ப்பதுதான் பரம்பரைத் தொழில். மக்கள்தொகை சுமார் 4,000. சுவர் ஓவியங்களோ 150க்கும் மேல்!

ஒரு காலத்தில் இந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் வெளியூர்க்காரர்களுக்குக் கொள்ளையர்கள்தான் நினைவுக்கு வருவார்கள். 1961ல் வித்தோரியோ தே சேத்தா எடுத்த திரைப்படத்தின் பெயரே 'ஓர்கோசோலோவின் கொள்ளையர்கள்'. (அதில் நடித்தவர்கள் நிஜ ஆட்டிடையர்கள் என்பது வேறு விஷயம்.)

முதல் சுவர் ஓவியத்தை 1969ல் தியோனிசோ என்ற நாடகக் குழுவினர் வரைந்தார்கள். அதே ஆண்டு ஜூனில்தான் ஊரையே உலுக்கிய சம்பவமும் நடந்தது. பிராட்டோபெல்லோ என்ற மேய்ச்சல் நிலத்தில் ராணுவம் துப்பாக்கி சுடும் பயிற்சி நடத்தப் போகிறது, ஆடுகளை ஓட்டிக்கொண்டு வேறு இடம் போங்கள் என்று அறிவிப்பு வந்தது. எங்கே போவது? ஆண்கள், பெண்கள், குழந்தைகள் என்று ஊரே திரண்டு போய் அந்த நிலத்தில் உட்கார்ந்துவிட்டது. கடைசியில் ராணுவம்தான் கிளம்பிப் போனது. அந்த நாட்களும் இன்று ஊர்ச் சுவரில் ஓவியமாக இருக்கின்றன.

1975ல், பாசிசத்திடமிருந்து இத்தாலி விடுதலை பெற்ற 30ஆம் ஆண்டையொட்டி, சியன்னாவிலிருந்து வந்திருந்த ஓவிய ஆசிரியர் பிரான்செஸ்கோ டெல் காசினோ தன் பள்ளி மாணவர்களோடு தெருவில் இறங்கினார். அதன்பிறகு ஓவியங்கள் தெருத்தெருவாகப் பரவின. ஆடுகளோடு நிற்கும் இடையன், முக்காடு போட்ட கிழவிகள், வேலை செய்யும் பெண்கள்... எல்லாம் பிக்காசோ பாணியில், கோணல்மாணலான முகங்களோடு. பக்கத்துச் சுவரிலேயே உலகச் செய்தியும் உண்டு. 2001 செப்டம்பர் 11ல் நியூயார்க் கோபுரங்கள் விழுந்ததையும் அங்கே பார்க்கலாம்.

இடையனையும் ஆட்டையும் வரைவதில் என்ன அரசியல் என்று கேட்கலாம். மேய்ச்சல் நிலத்தைக் கிட்டத்தட்ட இழக்கவிருந்த ஊரில் ஓர் ஆட்டை வரைந்தாலும் அது 'இது எங்கள் இடம்' என்று சொல்வதுதான். சுற்றுலாக் கையேடுகள் 'கிராமிய அழகு' என்று எழுதுவது இதனால்தான் கொஞ்சம் உறுத்துகிறது.

சுற்றுலாவால் வருமானம் வராமல் இல்லை. பயணிகளைக் காட்டுக்கு அழைத்துப் போய் 'இடையர்களோடு மதிய உணவு' என்று சுட்ட இறைச்சியும் பாலாடைக்கட்டியும் பரிமாறுகிறார்கள். அதில் தவறே இல்லை, பிழைப்புதானே! ஆனால் வணிகக் கணக்கு ஒன்று இடிக்கிறது. 2019 பிப்ரவரியில் சார்டீனிய ஆட்டிடையர்கள் கறந்த பாலைச் சாலையில் கொட்டிப் போராடினார்கள். அப்போது ஆட்டுப்பால் லிட்டருக்குக் கிடைத்த விலை சுமார் 60 சென்ட். அவர்கள் கேட்டது 1 யூரோ.