நிழலுக்கு நாள் பார்ப்பதா?

கொம்பின்றித் துவண்ட முல்லைக்குத் தன் தேரையே ஈந்தான் பாரி. அதனைக் கொடைமடம் என்பர் புலவர். தச்சன் மகனாகிய எனக்கோ வேறோர் எண்ணம் எழுவதுண்டு. அங்கே ஒரு தச்சன் நின்றிருந்தால், நான்கு கால் நட்டு, மேலே சட்டம் பரப்பி, மரப்பந்தல் ஒன்று அமைத்திருப்பான்; முல்லையும் படர்ந்திருக்கும்; மன்னனும் தேரேறி வீடு திரும்பியிருப்பான்!

அந்தப் பந்தல்தான் இன்று ‘பெர்கோலா’ என்ற பெயரோடு அடையாற்றுத் தோட்டங்களிலும் தியாகராய நகர் மாடிகளிலும் நிற்கிறது. மயிலாப்பூரில் பட்டறை வைத்திருந்த என் தந்தையார் அதனைச் செய்வதில் வல்லவர். மூடிய கூரையில்லை, சுவரில்லை. கால்கள், விட்டங்கள், இடைவெளி விட்ட சட்டங்கள், அவ்வளவே. ஆனால் அந்த இடைவெளியில்தான் அறிவு இருக்கிறது, தோழர்களே!

சென்னையில் ஏப்ரல் 24, ஆகஸ்டு 18 ஆகிய நாள்களையொட்டி, நண்பகல் ஞாயிறு தலைக்கு நேர்மேலே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களிலும் உச்சியை ஒட்டியே கடந்து மேற்கே சாய்கிறது. ஆகவே சட்டங்கள் வடக்கு தெற்காக ஓட வேண்டும். 4 அங்குல உயரச் சட்டங்களுக்கு 4 அங்குல இடைவெளி விட்டால், வெயில் 45 பாகை சாய்ந்தபின், அதாவது ஏறத்தாழ 3 மணிக்குமேல், சட்டங்களினூடே கதிர் இறங்காது. மேற்கே தட்டி கட்டி முல்லையை ஏற்றினால், பக்கவாட்டு வெயிலும் தடைப்படும்.

2016ஆம் ஆண்டுக் கோடை. அடையாற்றில் ஒரு வீடு. தம் முதிய தாயார் பிற்பகலில் காற்றாட அமர ஓரிடம் வேண்டும் என்றார் வீட்டுக்காரர். தந்தையார் கணக்கிட்டு வரைந்து கொடுத்தார். வந்தார் வாஸ்து வல்லுநர்! வெயிலை அவர் பார்க்கவில்லை, திசைகாட்டியைப் பார்த்தார். சட்டங்கள் கிழக்கு மேற்காக ஓடினால்தான் செல்வம் தங்குமாம். மேற்கே தட்டியும் ஆகாதாம்! அளந்தவர் சொல் தோற்றது. அளக்காதவர் சொல் வென்றது. வீட்டுக்காரர் படிக்காதவரா? இல்லை, பௌதிகப் பட்டதாரி!

சட்டங்களின் போக்கிலேயே வெயிலும் பிற்பகல் முழுதும் உள்ளே இறங்கியது. மூதாட்டி ஒரு நாளும் அங்கே அமரவில்லை. பிறகு பிளாஸ்டிக் விரிப்பை மேலே இழுத்துக் கட்டினார்கள். டிசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் வந்தது. இடைவெளியில் புகுந்து போயிருக்க வேண்டிய காற்று, விரிப்பைக் கப்பற்பாயாக்கி, இரண்டு கால்களைப் பிடுங்கி எறிந்தது.

“கால் நட்ட நேரம் சரியில்லை” என்று தந்தையாரைக் கடிந்துகொண்டார் வீட்டுக்காரர்.

என் தந்தையார் பகுத்தறிவு பேசியவர் அல்லர். அதுநாள்வரை பஞ்சாங்கம் பாராமல் முதற்கால் நட்டதே இல்லை. அன்று அவர் சொன்னார்: “காற்றுக்குப் பஞ்சாங்கம் தெரியாது, ஐயா. மேலே கட்டிய விரிப்புத்தான் அதற்குத் தெரியும்.”

அடுத்த வேலை தியாகராய நகரில். சட்டங்களை ஏற்றிப் பார்ப்பதற்குச் செவ்வாய்க்கிழமை பிற்பகல் 3 மணியைக் குறித்தார்.

“இராகு காலமாயிற்றே, அப்பா!” என்றேன் வேடிக்கையாக.

“நிழல் சரியாக விழுகிறதா என்று அந்த நேரத்தில்தானே தெரியும்?” என்றார்.

எனக்கு ஏடுகள் கற்பித்ததை அவருக்கு உளியும் இழப்பும் கற்பித்தன. மேடையிலே அறிவு பேசும் நாம், நம் வீட்டிலே கால் நடும்போது எந்த ஏட்டைப் புரட்டுகிறோம், தோழர்களே?