மணமகள் எந்த நாட்டவள்?

அனுப்பம்பட்டு இரயில் நிலையத்தில் வடக்கு நோக்கி வண்டி ஏறினால் பொன்னேரி, கவரைப்பேட்டை, அதற்கடுத்தது கும்மிடிப்பூண்டி. மூன்றே நிலையங்கள். ஆயினும் இவ்விரு ஊர்களுக்குமிடையே ஒரு கடலே கிடக்கிறது என்பதைச் சென்ற ஆண்டு ஒரு திருமண ஓலையின் பொருட்டு நாம் உணரலானோம்.

மணமகன் ஏரிக்கரைக் குடும்பம் ஒன்றின் மகன். பழவேற்காடு ஏரியில் தந்தையோடு வலை வீசுபவன். இறால் அற்ற மாதங்களில் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் கூலி வேலைக்குச் செல்பவன். அவ்வூரில் உள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் வாழும் ஒரு பெண்ணை மணக்க விரும்பினான். இருவரும் கத்தோலிக்கர், ஞானஸ்நானமும் உறுதிபூசுதலும் பெற்றவர்கள். திருச்சபைச் சட்டப்படி யாதொரு தடையுமில்லை. ஆனால் ஓலை எழுத வந்த அன்று மணமகனின் தாய் நம் அறைவாசலிலேயே தயங்கி நின்றுவிட்டார்.

“சாமி, பொண்ணு தங்கமான பொண்ணுதான். ஆனா எந்த நாட்டுப் பொண்ணுன்னு ஊர்ல கேக்குறாங்க. நாளைக்கு ஒரு புள்ள பொறந்தா, அது எந்த நாட்டுப் புள்ள சாமி?”

நாம் சற்றும் யோசியாமல் விடையளித்தோம். “கவலை வேண்டாம் அம்மா. இந்தியக் குடிமகனை மணந்தால் அவளும் இந்தியக் குடிமகளாகிவிடுவாள்.”

தாயின் முகம் மலர்ந்தது. பெண்ணின் தந்தையோ தலை குனிந்தவாறு, “அப்பிடியில்லை எண்டுதான் சொல்லுகினம், சுவாமி” என்றார் மெல்ல. 1990-ஆம் ஆண்டு திருகோணமலையிலிருந்து வந்து படகேறியவர் அவர். அன்று தொட்டு அச்சட்டத்தின் கீழேயே வாழ்ந்து வருபவர். குருமடத்தில் திருச்சபைச் சட்டம் பயின்ற நாம், நாட்டுச் சட்டம் அறியாமலே ஆறுதல் சொல்லிவிட்டோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

மறுநாள் பொன்னேரியில் நமக்கு அறிமுகமான வழக்குரைஞர் ஒருவரிடம் சென்று கேட்டோம். அவர் விளக்கியவற்றை நம் குடும்பங்கள் யாவும் அறிந்திருப்பது நலம் என்பதால் இங்கே தருகிறோம்.

1955-ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் முதலில் கேட்பது, நீ எப்போது பிறந்தாய் என்பதே. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூலை 1-க்கு முன்வரை இந்திய மண்ணில் பிறந்தவர், அயல்நாட்டுத் தூதுவர் மக்கள் போன்ற சில விலக்குகள் நீங்கலாக, பெற்றோர் எந்நாட்டவராயினும் பிறப்பால் இந்தியரே. இதனால்தான் மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த ஒரு பெண்மணி, மதுரை உயர்நீதிமன்றக் கிளையை அணுகி 2022-இல் கடவுச்சீட்டுக்கு ஆணை பெற்றார். 2024 மக்களவைத் தேர்தலில் முதன்முறையாக வாக்கும் அளித்தார். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 3-க்கு முன்வரை பிறந்தவருக்கோ, பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். நம் மணமகள் பிறந்தது 1996-இல். பெற்றோர் இருவரும் இலங்கையர். ஆகவே கும்மிடிப்பூண்டியிலேயே பிறந்து, அங்கேயே படித்து, நம் ஊர்ப் பேச்சே பேசினாலும், அவள் பிறப்பால் இந்தியக் குடிமகள் அல்லள்.

அடுத்தது திருமணம். தாலி கழுத்தில் ஏறியதும் குடியுரிமை வந்துவிடுவதில்லை. இந்தியரை மணந்தவர் ஏழாண்டுகள் இந்நாட்டில் வாழ்ந்தபின், பதிவின் மூலம் குடியுரிமை கோரி மாவட்ட ஆட்சியர் வழியாக விண்ணப்பிக்கலாம். ஆனால் விண்ணப்பிப்பவர் ‘சட்டவிரோதக் குடியேறி’ ஆக இருத்தலாகாது. உரிய கடவுச்சீட்டின்றி நுழைந்த அயல்நாட்டவரைச் சட்டம் அப்பெயரால் அழைக்கிறது. குண்டுமழைக்குத் தப்பி இரவோடிரவாகப் படகேறியவன் கடவுச்சீட்டுக்கு எங்கே போவான்? எந்த எல்லையையும் தாண்டாமல் முகாமிலேயே பிறந்த பிள்ளையை அச்சொல் கட்டுமா என்பது வழக்குரைஞர்கள் எழுப்பும் வினா. பிறக்கப்போகும் குழந்தையின் நிலையும் அதைச் சார்ந்ததே. 2004 டிசம்பர் 3 முதல் இங்குப் பிறக்கும் குழந்தை இந்தியக் குடியுரிமை பெற, பெற்றோரில் ஒருவர் இந்தியராகவும் மற்றவர் சட்டவிரோதக் குடியேறி அல்லாதவராகவும் இருக்க வேண்டும். அந்த ஏரிக்கரைத் தாய் கேட்ட கேள்வி பேதைக் கேள்வியன்று. சட்டத்தின் நடுமையத்தையே தொட்ட கேள்வி.

“முப்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்துவிட்டார்களே, நிரந்தரமாகத் தங்கும் உரிமையேனும் வாராதா?” என்று கேட்டோம். நெடுநாள் வாழ்வது ஒன்று, குடியுரிமை வேறொன்று என்றார் அவர். ஆதார் அட்டையும் குடும்ப அட்டையும் குடியுரிமைக்குச் சான்றாகா. 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்காளதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்தோரையே குறிக்கிறது. இலங்கை அதில் இல்லை. 2015 ஜனவரி 9 வரை இங்கு வந்து அடைக்கலம் புகுந்து, பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழரைக் கடவுச்சீட்டு, விசா இன்மைக்கான தண்டனையிலிருந்து விலக்கி 2025 செப்டம்பரில் மத்திய அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அது சிறை அச்சத்தைப் போக்குகிறது, குடியுரிமையைத் தருவதில்லை.

மலையகத் தமிழரின் கதை இதனினும் துயரமானது. 1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்துகொண்ட ஒப்பந்தம், நாடற்றிருந்த 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டன. 1984-இல் கப்பல் போக்குவரத்து நின்றபின் அகதிகளாக வந்து முகாம்களில் சேர்ந்தவர்களும் அவர்களுள் உண்டு. அத்தகையோரின் குடியுரிமை விண்ணப்பங்களைப் பரிசீலிக்குமாறு மதுரைக் கிளை 2019 ஜூன் மாதம் ஆணையிட்டது. மலையக வழி வந்த குடும்பத்தார் பாட்டனாரின் பழைய காகிதங்களைக் கறையான் அரிக்க விடலாகாது.

இவற்றையெல்லாம் கேட்டறிந்தபின், இரு குடும்பத்தாரையும் நாமே மீண்டும் அழைத்தோம். “நாம் அன்று சொன்னது தவறு” என்று தொடங்கினோம். அறையில் நெடுநேரம் அமைதி நிலவியது. மணமகனின் தாய் பெண்ணை நோக்கித் திரும்பினார்.

“நீ எங்கம்மா பொறந்த?”

“கும்மிடிப்பூண்டி ஆஸ்பத்திரியிலதான், மாமி.”

“அப்போ பக்கத்து ஊருதானே” என்றார் அந்தத் தாய். “ஓலைய எழுதுங்க சாமி. காகிதத்துக்கு அலையணும்னா சேர்ந்தே அலையுவோம்.”

புனித சின்னப்பரை நாம் நினைத்துக்கொண்டோம். சாட்டையடிக்கு முன் தாம் உரோமைக் குடிமகன் என்று அவர் உரிமையோடு உரைத்தார். ஆயிரத்தவர் தலைவன் அஞ்சினான். விண்ணகமே நம் தாயகம் என்று கற்பித்த அதே அப்போஸ்தலர், மண்ணுலகக் குடியுரிமையை அற்பமென்று எண்ணினாரில்லை. அதனைப் பெறாதவரின் முதுகில் என்ன விழும் என்பதை அவர் அறிந்திருந்தார். ஏரோதுக்கு அஞ்சி எகிப்துக்கு ஓடிய திருக்குடும்பத்தை, 1952-இல் பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் புலம்பெயர்ந்தோர் அனைவருக்கும் முன்மாதிரியாகக் காட்டினார். சூசையப்பரின் கையிலும் அன்று காகிதமில்லை.

ஆகவே நம் பங்குக் குடும்பங்களுக்குச் சில சொற்கள். முகாமில் பிறந்த ஒவ்வொருவரின் பிறப்புச் சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள். முகாம் பதிவட்டையைத் தொலைக்காதீர்கள். மணமுடித்து வெளியே குடியேறுமுன் வருவாய்த்துறைக்கும் காவல் நிலையத்துக்கும் தெரிவியுங்கள். கோவிலில் நடந்த திருமணத்தை அரசுப் பதிவேட்டிலும் ஏற்றுங்கள். குழந்தையின் பிறப்பை 21 நாட்களுக்குள் பதியுங்கள். வாக்காளர் அட்டை வாங்கித் தருவதாகச் சொல்லும் தரகரிடம் பணம் கொடாதீர்கள். பொய்யாகப் பெற்ற அட்டை பின்னாளில் மெய்யான விண்ணப்பத்தையும் கெடுத்துவிடும். தக்க வழக்குரைஞரைக் கேளுங்கள். எம்மைப் போன்ற குருக்கள் அவசரத்தில் சொல்வதை மட்டும் நம்பிவிடாதீர்கள்.

இன்று அவ்விளம் தம்பதியர் ஏரிக்கரையில் வாழ்கின்றனர். விண்ணப்பத்துக்கான காகிதங்கள் ஒரு நெகிழிப் பையில் சேர்ந்து வருகின்றன. வழி நீண்டது என்பதை அவர்கள் அறிவார்கள். வருகிற மாதம் அவ்வில்லத்தில் ஒரு குழந்தையை எதிர்பார்க்கிறார்கள். அதன் ஞானஸ்நானத்துக்கு நாள் குறிக்க அந்தத் தாய் இப்போதே வந்துபோனார். நம் பதிவேட்டைத் திறந்து பார்த்தோம். பெயர், பிறந்த நாள், பெற்றோர், ஞானத் தாய் தந்தையர் ஆகியவற்றுக்கு அதில் இடமுண்டு. எந்நாட்டவர் என்று கேட்கும் பத்தி அதில் இல்லை. அரசின் பதிவேட்டிலும் அக்குழந்தைக்கு ஓர் இடம் கிடைக்க, வாசக அன்பர்களே, நம்மோடு சேர்ந்து மன்றாடுங்கள்.