கடைத்தெரு அரபும் கிதாபு அரபும்

ஏரலில் நம்மிடம் அரபு ஓதிய மாணவர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன்னர் துபாயில் ஒரு துணிக்கடைக்கு வேலைக்குச் சென்றார். முதல் விடுமுறையில் வந்தவர் சிரித்துக்கொண்டே ஒரு குறை சொன்னார்: "ஹஜ்ரத், நீங்கள் கற்றுத் தந்த அரபில் பேசினால், துணி வாங்க வந்தவர்கள் குத்பா கேட்பதுபோல் நிற்கிறார்கள்!"

அவர் சொன்னது உண்மையே. 'இப்பொழுது' என்பதற்கு நாம் கற்பித்த சொல் 'அல்ஆன்'. வளைகுடா நாட்டார் 'அல்ஹீன்' என்பர். எகிப்தியர் 'தில்வக்தி' என்பர். சிரியா நாட்டார் 'ஹல்லக்' என்பர். துபாய்க் கடையொன்றில் ஒரே நாளில் இம்மூவரும் வந்து நிற்பர். சொல் வேறானால் கேட்டுத் தெளியலாம். ஒரே சொல்லின் பொருள் மாறினால்தான் இடர். உடல்நலத்தை நாம் 'ஆஃபியத்து' என்கிறோம். வளைகுடாவிலும், உழைப்பவரைக் கண்டால் 'அல்லாஹ் உமக்கு ஆஃபியத்தைத் தருவானாக' என்று வாழ்த்துவர். மொராக்கோவின் பேச்சு வழக்கிலோ அச்சொல் நெருப்பைக் குறிக்கும். அங்கே துஆவே சாபமாகிவிடும்!

மொழி கடந்த வணிகம் நம் கரைக்குப் புதிதன்று. தாமிரபரணி கடலோடு கலக்கும் பகுதியிலிருந்த காயல் துறைக்கு ஹுர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் குதிரைகளோடு கப்பல்கள் வந்ததை, 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ குறித்துள்ளார். அரபு எழுத்தில் ப, ட, ங போன்ற ஒலிகளுக்கு இடமில்லை. நம் முன்னோர் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து அரபுத்தமிழை ஆக்கிக்கொண்டனர். இலங்கைக்கு வணிகம் செய்யச் சென்றவர்கள் அவ்வெழுத்தில் வீட்டுக்குக் கடிதம் எழுதினர். குர்ஆன் ஓத மட்டுமே கற்றிருந்த பெண்களும் அதைத் தாமே வாசித்தனர். வாசிப்பவரை அறிந்து எழுதும் அந்த விவேகம் அவர்களுக்கு இருந்தது.

நம் மாணவரோ அடுத்த விடுமுறைக்குள் கடைத்தெரு அரபில் கைதேர்ந்துவிட்டார். கிதாபு அரபை மறந்துவிட்டார். இரண்டாண்டுக்கு ஒருமுறை ஊர் சென்றுவர விமானச் சீட்டு உண்டு என்று முதலாளி வாயால் சொன்னதை நம்பி, ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டார். உம்மாவின் நோய் கேட்டுப் புறப்பட்டபோது, சீட்டின் விலை அவர் சம்பளத்திலேயே பிடிக்கப்பட்டது. அந்தத் தாளை நம்மிடம் கொண்டுவந்தார். பணி முடிந்து நிரந்தரமாகத் திரும்பும்போது மட்டுமே சீட்டு என்று அதில் தெளிவான அரபில் எழுதியிருந்தது. இப்பொழுது மாற்றப்பட்டுவிட்ட அமீரகத்தின் 1980ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டமும், வேறு மொழியும் அரபும் முரண்பட்டால் அரபு வாசகமே செல்லும் என்றுதான் விதித்திருந்தது. அவர் காதால் கேட்டது ஒரு மொழி. கையொப்பமிட்டது மற்றொரு மொழி.

குற்றம் அவருடையது மட்டுமன்று. நஹ்வும் ஸர்ஃபும் ஆண்டுக்கணக்கில் ஓதிக்கொடுத்த நாம், ஒரு ஒப்பந்தத் தாளை ஒருநாளும் அவர்முன் விரித்ததில்லை. பேச்சு வழக்கையோ பிழையென்று ஒதுக்கினோம். மொழிகள் வேறுபட்டிருப்பதை இறைவனின் அத்தாட்சிகளுள் ஒன்றாக அர்ரூம் அத்தியாயம் எண்ணுவதை ஓதிக்கொண்டே அப்படிச் செய்தோம்.

இப்பொழுது, வெளிநாடு புறப்படும் பிள்ளைகளுக்கு நாம் இரண்டு பாடங்கள் வைக்கிறோம். ஊர் திரும்பியவர்களை அழைத்து, அவ்விடத்துப் பேச்சைச் சொல்லித்தரச் செய்கிறோம். அவர்களோடு நாமும் அமர்ந்து கற்கிறோம். பின்னர் அந்த மாணவர் தந்துசென்ற ஒப்பந்தத்தின் நகலை, பெயர்களை மறைத்து, வரி வரியாக வாசிக்க வைக்கிறோம். சீட்டைப் பற்றிய வரி வந்ததும் நிறுத்தி, அதன் பொருளைப் பிள்ளைகளையே சொல்லச் செய்கிறோம்.