கால் போச்சு, பேனா வந்துச்சு

'டொப்'புன்னு ஒரு சத்தம். என் இடது முட்டிக்குள்ள இருந்துதான் வந்துச்சு. அம்பயரா நின்ன அண்ணாச்சிக்கே கேட்டுச்சாம். அவர் எட்ஜுன்னு நினைச்சு விரலைத் தூக்கப் போனாராம் (அந்த மனுஷன் எப்பவுமே அப்படித்தான்). பந்து கையை விட்டுப் போயிடுச்சு, முன்னங்கால் மண்ணுல ஊனின இடத்துலயே நின்னுருச்சு, ஒடம்பு மட்டும் திரும்பிருச்சு. அவ்வளவுதான் மக்களே. கீழ கிடந்துக்கிட்டே "விக்கெட்டா?"ன்னு கேட்டேனாம். அது வைடு.

எம்.ஆர்.ஐ. எடுத்துப் பாத்துட்டு, ஏ.சி.எல். முழுசா அறுந்து போச்சுன்னு டாக்டர் சொன்னார். தொடைக்குப் பின்னாடி இருக்குற தசைநாரை எடுத்து, எலும்புல துளை போட்டு, அறுந்த இடத்துல கோத்து விடுவாங்களாம். அது ஒட்டி, பழைய பலம் வர ஒன்பது மாசம். "பவுலிங் போடலாமா சார்?"னு கேட்டேன். "வயசு என்ன?"ன்னு திருப்பிக் கேட்டார். நாப்பத்தி மூணுன்னேன். ஒண்ணும் சொல்லாம ஃபைலை மூடிட்டார். எனக்கென்னவோ அந்த 'டொப்'பை விட இது சத்தமா கேட்டுச்சு.

பவுலிங் லீக்னு சொன்னதும் அமெரிக்காவுல இருக்குற என் தோஸ்த் வேற மாதிரி புரிஞ்சுக்கிட்டான். அங்க வாடகைக்கு ஷூ வாங்கி மாட்டிக்கிட்டு, 60 அடி மரத்தரையில குண்டை உருட்டி 10 கட்டையைச் சாய்ப்பாங்களே, அது. "முட்டி போனா என்னல, ஆரஞ்சு ஜூஸ் குடிச்சுக்கிட்டு கைதட்டலாம்ல"ன்னான். ஏசி ரூமுல கைதட்டுறவனுக்கு எங்க கதை எங்க புரியும். எங்களுது டென்னிஸ் பந்து. தூத்துக்குடியில உப்பளத்துக்குப் போற ரோட்டோரமா ஒரு பொட்டல். தருவை மைதானம் மாதிரி இடமெல்லாம் கனவுல. ஆறு டீம். ஹார்பர்ல வேலை பாக்குறவங்க ஒரு டீம், உப்பு யாவாரம் பண்றவங்க ஒண்ணு, கிளியரிங் ஆபீஸ் ஆளுங்க நாங்க ஒண்ணு, இப்படி. ஞாயித்துக்கிழமை காலைல ஆறு மணிக்கு டாஸ். பன்னெண்டு ஓவர். ஒன்பது மணிக்குள்ள முடிச்சே ஆகணும். பாதிப் பேருக்கு கோயில்ல பூசை, மீதிப் பேருக்கு கறிக்கடையில க்யூ. ரெண்டையும் தவறவிட்டா வீட்டுல சோறு கிடையாது.

2016ல முதல் டி.என்.பி.எல். கோப்பையை ஜெயிச்சது டூட்டி பேட்ரியாட்ஸ்தான், தெரியும்ல? ஊர்ப் பேரு எங்களோடது, ஆட்டமெல்லாம் சென்னை, திண்டுக்கல், திருநெல்வேலின்னு வெளியூர்ல. எங்க ஊர் கிரிக்கெட்டை எங்க ஊருல பாக்கணும்னா இந்தப் பொட்டலுக்குத்தான் வரணும் :-)

ஆபரேஷன் முடிஞ்சு மூணு வாரம் வீட்டுல கிடந்தேன். முட்டிக்கடியில துண்டைச் சுருட்டி வச்சு அழுத்துறது, அஞ்சு எண்ணி விடுறது. காலை நீட்டி தூக்குறது, முப்பது தடவை. தங்கமணி பக்கத்துல நின்னு எண்ணுவா. இருபதுக்கு அப்புறம் எப்படியும் ரெண்டு மூணைக் கூட்டி எண்ணிடுவா, சீக்கிரம் விட்டுட்டு சமையலைப் பாக்கணும்ல. நான் யோக்கியன் மாதிரி வாயை மூடிக்கிட்டு இருப்பேன். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னால தேவைப்படும்.

நாலாவது வாரம் எங்க கேப்டன் பைக்கை எடுத்துக்கிட்டு வந்துட்டான். "ஏல, சும்மாதான கெடக்க. வந்து ஸ்கோர் எழுது"ன்னான். மொத நாள் எனக்கு அழுகையே வந்துச்சு. 2002ல ஆன்டிகுவாவுல கும்ப்ளே தாடை உடைஞ்சும் தலையைச் சுத்திக் கட்டோட வந்து 14 ஓவர் போட்டு லாராவைத் தூக்கலையா, நமக்கென்னன்னு மனசுக்குள்ள வீராப்பு வேற. தாடையால ஓடி வந்து பந்து போட முடியாது, அதுக்கு முட்டி வேணும்ங்குறது கொஞ்சம் லேட்டாத்தான் உறைச்சுது.

மைதானத்தோரமா ஒரு வேப்ப மரம். அதுக்கடியில ரெண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். ஒரு நாற்காலியில நான். ஸ்டூல்ல ஹார்பர் டீமுக்கு ஸ்கோர் எழுதுற பொண்ணு, அந்த டீம் விக்கெட் கீப்பரோட மகள், பதினொண்ணாவது படிக்கிறா. மூணு கலர் பேனா வச்சிருப்பா. ரன்னு நீலம், விக்கெட்டு சிவப்பு, எக்ஸ்ட்ரா பச்சை. என் நோட்டைப் பாத்துட்டு, "அங்கிள், இது ஸ்கோரா, மளிகை லிஸ்ட்டா?"ன்னு கேட்டா. அவ்வ்வ்.

இன்னொரு நாற்காலியில ஒரு தாத்தா. திரேஸ்புரத்துக்காரர். நாப்பது வயசு வரைக்கும் சங்கு குளிச்சவர். காது சவ்வு ரெண்டும் போயி, அதுக்கு மேல தண்ணிக்குள்ள இறங்கக் கூடாதுன்னு ஆயிடுச்சு. பேரன் உப்பு டீம்ல ஆடுறான், அதான் வர்றார். 1961ல கடைசியா முத்துக்குளிச்சாங்களே, அதுல அவங்க அப்பா போயிருக்காராம். இவருக்கு அப்ப பதினாலு வயசு, கரையில நின்னு பாத்தவர். அதுக்கப்புறம் இன்னிக்கு வரைக்கும் முத்துக்குளி நடக்கல. எங்க ஊருக்குத்தான் முத்துநகர்னு பேரு மிச்சம்.

அந்த மனுஷன் பக்கத்துல உக்காந்த பிறகுதான் மைதானத்துல என்ன நடக்குதுன்னே எனக்கு விளங்கிச்சு. பதினெட்டு வருஷமா ஆடுறேன், காத்தைப் பாத்ததே இல்ல. விடியக்காலம் கரைக்காத்து கடலப் பாத்து அடிக்கும். எட்டரை வாக்குல அப்படியே நின்னுரும். வேப்ப இலை ஒண்ணு ஆடாது. அப்புறம் கடல்ல இருந்து திரும்பி வரும். டென்னிஸ் பந்துக்கு எடை கிடையாதுல்ல, காத்து சொன்னபடிதான் கேக்கும். "தம்பி, இப்ப கெழக்கால தூக்கி அடிக்கறவன் அவுட்டு"ம்பார். பந்து மேல போயி, அங்கனயே நின்னு, செங்குத்தா ஃபீல்டர் கையில வந்து விழும். நான் பந்து போட்ட நாள்ல இது தெரிஞ்சிருந்தா எத்தனை விக்கெட்டு! ஆடி மாசத்துல கச்சான் எடுத்துச்சுன்னா மட்டும் அவருக்கும் கணக்கு தப்பும். உப்பு மண்ணு கண்ணுக்குள்ள போக, "கச்சானுக்கு அம்பயர் கெடையாது தம்பி"ன்னு சிரிப்பார்.

ஒரு நாள் நான் ரொம்பப் புலம்பிட்டேன் போல. தண்ணிக்குள்ள போறதை நிறுத்தின பிறகு என்ன பண்ணீங்க தாத்தான்னு கேட்டேன். "தோணியில கயிறு புடிச்சேன்"னார். குளிக்கறவன் கீழ இருக்கையில மேல ஒருத்தன் கயித்தைப் புடிச்சுக்கிட்டு நிப்பான். கீழ இருந்து ஒரு இழுப்பு வந்தா மேல தூக்கணும். அசந்தா ஆளு போச்சு. அதனால கயிறு புடிக்கறவன் மச்சானா இருக்கணும்பாங்க, சொந்த அக்கா தங்கச்சி தாலியை அவனே அறுக்க மாட்டான்ல. "குளிக்கறவன் பேரு ஊருக்கே தெரியும். கயிறு புடிச்சவன் பேரு குளிச்சவனுக்கு மட்டுந்தாம் தெரியும்"னு சொல்லிட்டு வெத்தலையை எடுத்தார்.

சரி, மேட்டருக்கு வர்றேன்.

சீசன் கடைசி ஞாயிறு. நாங்களும் ஹார்பரும் ஃபைனல். ஆறு வருஷமா நாங்க கோப்பையைத் தொட்டதில்ல. நாங்க முதல்ல ஆடி பன்னெண்டு ஓவர்ல 94. அவங்க கடைசிப் பந்துக்கு ரெண்டு ரன் எடுத்து விழுந்து எழுந்திரிச்சு பாத்தா, என் நோட்டுல 93. ஒரு ரன்ல ஜெயிச்சாச்சு! பசங்க கேப்டனைத் தூக்கிட்டானுங்க.

அந்தப் பொண்ணு நோட்டுல 94.

கூட்டம் கூடிருச்சு. வழக்கமா என்ன நடக்கும், பெரிய ஆளு சொல்றதுதான் சரின்னு ஆகும். நானும் அப்படித்தான் குரலை உசத்தி, "பாப்பா, எங்கயாவது கூட்டல்ல விட்டிருப்ப, நல்லாப் பாரு"ன்னேன். அது முகம் சுருங்கிப் போச்சு. ஒவ்வொரு ஓவரா விரலை வச்சுக் கூட்டுது. அவங்கப்பாவே, "அங்கிள் பல வருஷமா ஆடுறவரும்மா"ன்னு சொல்லிட்டார். அது கண்ணுல தண்ணி முட்டி நிக்குது.

சும்மா ஒரு பேருக்கு நானும் என் நோட்டைத் திருப்பினேன். ஒன்பதாவது ஓவர். ஏழு பந்து எழுதியிருக்கேன். ஏழுல ஒண்ணுக்குக்கூட வட்டம் போடல. வைடும் இல்ல, நோ-பாலும் இல்ல, வெறும் புள்ளியும் ரன்னுமா ஏழு. ஒரு ஓவருக்கு ஆறு பந்துதானே? அப்பதான் ஞாபகம் வந்துச்சு. அந்த நேரம் யாரோ மக்ரூன் பொட்டலத்தைப் பிரிச்சு நீட்டினாங்க. முந்திரியும் முட்டை வெள்ளையும் வாயில கரையுற சுகத்துல, அம்பயர் நோ-பாலுக்குக் கையை நீட்டினதைப் பாத்தும் புள்ளி வச்சிருக்கேன். அந்தப் பொண்ணு நோட்டுல அதே இடத்துல பச்சையில ஒரு வட்டம்.

யாரும் என் நோட்டை வாங்கிப் பாக்கல. நான் மூடி வச்சிருந்தா அத்தோட முடிஞ்சது. கேப்டன் இன்னும் தோள் மேலதான் இருக்கான். ஒரு பத்து செகண்ட் இருக்கும், பொய் சொல்ல விரும்பல, மூடத்தான் நினைச்சேன். தாத்தா பக்கம் பாத்தேன். அவருக்கு இந்தக் களேபரம் எதுவும் காதுல விழல, கோழிக்குஞ்சைப் பாத்துக்கிட்டு இருந்தார். அந்தப் பொண்ணு மறுபடியும் மொத ஓவர்ல இருந்து கூட்ட ஆரம்பிச்சுது.

"பாப்பா நோட்டுதான் சரி. நான் ஒரு நோ-பாலை விட்டுட்டேன்"னேன்.

கேப்டனை இறக்கி விட்டானுங்க.

டைன்னா எங்க லீக்ல பவுல்-அவுட்டு. உலகமே 2008ல சூப்பர் ஓவருக்கு மாறிடுச்சு, நாங்க மாறல. 2007 செப்டம்பர் 14, டர்பன்ல நாமளும் பாகிஸ்தானும் 141ல டை ஆகி, சேவாக், ஹர்பஜன், உத்தப்பா மூணு பேரும் ஸ்டம்பைத் தட்ட, அவங்க மூணு பேரும் கோட்டை விட்டாங்களே, அதைப் பாத்த மயக்கம் இன்னும் எங்களுக்குத் தெளியல. ஆளுக்கொரு பந்து, அஞ்சு பேர், பேட்ஸ்மேன் இல்லாம வெறும் ஸ்டம்பு. அமெரிக்காக்காரன் குண்டு உருட்டுற ஆட்டமேதான், கட்டை மட்டும் மூணு.

டீம்லயே நேரா ஸ்டம்புக்குப் போடுறவன் நான்தான். ஊன்றுகோலைப் பிடிச்சுக்கிட்டு வேப்ப மரத்தடியில நிக்கேன். காத்து அப்ப நின்னு போயிருந்துச்சு, பந்து ஆடவே ஆடாது, இருந்த இடத்துல இருந்தே போட்டுருக்கலாம். ஆனா ஆடுற பதினொண்ணுல நான் இல்லையே. எங்க பசங்க ரெண்டு தட்டினாங்க. ஹார்பர் மூணு. கோப்பை போச்சு.

போகையில கேப்டன் என்னைப் பாக்காம பைக்கைக் கிளப்பிட்டான். வரையில பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டு வந்தவன்! தாத்தாவோட பேரன்தான் ஷேர் ஆட்டோவுல என்னை ஏத்தி விட்டான். ஆட்டோ கிளம்பையில அந்தப் பொண்ணு ஓடி வந்து பச்சைப் பேனாவை நீட்டி, "அங்கிள், எக்ஸ்ட்ராவுக்குன்னு தனிப் பேனா வச்சுக்கோங்க, விட்டுப் போகாது"ன்னு சொல்லிட்டுப் போச்சு. சிரிக்கவும் முடியல, முறைக்கவும் முடியல.

திங்கள், செவ்வாய், போன் இல்ல. நானும் பண்ணல. வீட்டுல விஷயத்தைச் சொன்னேன். தங்கமணி, "ஒரு ரன்னுக்கா இவ்வளவு?"ன்னா. என்னத்தைச் சொல்ல.

புதன்கிழமை ராத்திரி கேப்டன் வந்து நின்னான். கையில பொரிச்ச பரோட்டா பார்சல், சால்னா தனியா. உள்ள வந்தான், உக்காந்தான், டிவியைப் பாத்தான். நான் காலைத் தூக்கிட்டு இருந்தேன். தங்கமணி தட்டு எடுக்க உள்ள போனதும், விட்ட இடத்துல இருந்து அவனே எண்ண ஆரம்பிச்சான்.

"இருபத்தி நாலு... இருபத்தி அஞ்சு... இருபத்தி ஏழு..."

"இருபத்தி ஆறுல"ன்னேன்.

"தெரியும். எண்ணுதேல்ல, பாத்தேன்"னான். "அடுத்த சீசனுக்கு நோட்டு வாங்கியாச்சா?"