பாரியோ மலையில் நான்கு நாட்கள்



பள்ளி விடுமுறை வந்தால் கேமரன் மலைக்குப் போகிறோம். கையில் கொஞ்சம் காசு சேர்ந்தால் தமிழ்நாட்டுக் கோயில்களுக்குப் போகிறோம். ஒருமுறை சரவாக்கின் வடகிழக்கு மூலைக்கும் போய் வாருங்கள். கலிமந்தான் எல்லையை ஒட்டி, சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் பாரியோ என்றொரு மலைக் கிராமம் இருக்கிறது. கெலாபிட் மக்களின் ஊர்.

மீரியிலிருந்து 19 பேர் உட்காரும் சிறு விமானத்தில் ஏறினால் ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணம். ஏறுமுன் பெட்டியை மட்டுமல்ல, உங்களையும் தராசில் நிறுத்துவார்கள், வெட்கப்படாமல் நில்லுங்கள். மரம் வெட்டும் கம்பெனிகள் போட்ட மண்பாதையும் உண்டு. அதில் போனால் ஒரு பகல் முழுவதும் இடுப்பு ஒடியும்.

இறங்கியதும் குளிர். சுற்றிலும் மலை, நடுவே தட்டையான நெல்வயல், சேற்றில் எருமைகள். 1945 மார்ச்சில் டாம் ஹாரிசன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, ஜப்பானியருக்கு எதிராக ஆள் திரட்ட, இந்தச் சமவெளியில்தான் பாராசூட்டில் குதித்தார். 1963-இல் இந்தோனேசியாவோடு மோதல் மூண்டபோது, எல்லையோரக் கிராமத்தாரைப் பாதுகாப்புக்காகப் பாரியோவுக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள்.

இப்போது தனி வீடுகள் நிறைய வந்துவிட்டன. ஆனாலும் நீண்ட வீட்டில் தங்கினால்தான் ஊர் புரியும். பார்த்தவுடன் நம் லயம் நினைவுக்கு வரும்: ஒரே கூரை, வரிசையாகக் குடும்பங்கள். உள்ளே போனால்தான் வித்தியாசம் தெரியும். சமைக்கும் இடத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் சுவர் கிடையாது. நீளமான ஒரே கூடத்தில் அடுப்புகள் வரிசையாக எரிகின்றன. யார் வீட்டில் என்ன குழம்பு என்பது ரகசியமே இல்லை! இரவில் குளிருக்கு எல்லாரும் அங்கேதான் உட்காருகிறார்கள்.

எனக்குச் சோறு போட்ட பாட்டியம்மாளிடம், அரைகுறை மலாயில், எங்களுக்கும் தோட்டத்தில் இப்படி நீண்ட வீடு உண்டு என்றேன். அவருக்கு ஒரே மகிழ்ச்சி. "எத்தனை கதவு?" என்று கேட்டார். பத்து என்றேன். "கட்டியது யார்? உன் தாத்தாவா?" கம்பெனி கட்டியது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் காலி செய்ய வேண்டும் என்றேன். என் மலாய் சரியில்லை என்று நினைத்துவிட்டார் போலும். பேரனைக் கூப்பிட்டு, நான் சொன்னதை மறுபடி சொல்லச் சொன்னார். கேட்டபின் ஒன்றும் பேசவில்லை. விறகைத் தள்ளிவிட்டு, என் தட்டில் இன்னொரு பொட்டலம் வைத்தார். சோற்றைக் குழைய மசித்து இலையில் மடித்திருந்தது. நூபா லாயா என்கிறார்கள். கறியோடு பிசைந்து தின்ன வேண்டும்.

இவர்களிடம் ஒரு விசித்திர வழக்கம். முதல் குழந்தை பிறந்ததும் பெற்றோர் தங்கள் பெயரையே மாற்றிக்கொள்கிறார்கள். பேரப்பிள்ளை வந்தால் தாத்தா பாட்டிக்கும் புதுப் பெயர். ஊரைக் கூட்டி, விருந்து வைத்து அறிவிக்கிறார்கள். நாமும்தான் "ராஜா அம்மா" என்று கூப்பிடுகிறோம். ஆனால் அதற்குப் பந்தி போடுவதில்லை.

அரிசியைச் சொல்லாமல் விட முடியாது. சிறு மணி, வடித்தால் மென்மை. ஆண்டுக்கு ஒரே போகம். பட்டணத்தில் சாதாரண அரிசியைவிடப் பல மடங்கு விலை. ஆனால் நாற்று நட ஆள் இல்லை. படித்த பிள்ளைகள் மீரியிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். எல்லை தாண்டி இந்தோனேசியர்கள் கூலிக்கு வருகிறார்கள். நம் தோட்டங்களிலும் இதே கதைதானே? ஒன்று மட்டும் வேறு. பாட்டியம்மாளின் பிள்ளைகள் மீரியில் இருந்தாலும், அவர்கள் அறையைத் தினமும் பெருக்கி வைக்கிறார். கிறிஸ்துமஸுக்கு வருவார்களாம், வேலை ஓய்ந்ததும் நிரந்தரமாகவே வந்துவிடுவார்களாம்.

போகிறவர்கள் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் மறக்க வேண்டாம். கால் வலு உள்ளவர்கள் பா உமோர் பக்கம் நடந்து உப்புக் கிணற்றையும் பாருங்கள். கடல் எட்டாத மலையில், கிணற்று நீரை விறகு அடுப்பில் இரவும் பகலும் காய்ச்சி, மூங்கில் குழாயில் அடைத்துச் சுட்டு உப்பு எடுக்கிறார்கள். இலையில் சுற்றி விற்பார்கள். இரண்டு வாங்கி வாருங்கள். கோழிக் குழம்புக்கு நன்றாக இருக்கிறது.