கரிய மறிமான்கள்

2006ஆம் ஆண்டு ஜெர்மனியில் நடந்த உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியில் அங்கோலா முதன்முறையாக ஆடியது. முதல் ஆட்டமே, தன்னை நெடுங்காலம் ஆண்ட போர்ச்சுகலுடன். தோற்றாலும் அந்த அணியின் செல்லப்பெயர் நம் நினைவில் தங்கிவிட்டது: பலங்காஸ் நெக்ராஸ், அதாவது கரிய மறிமான்கள். அந்நாட்டு விமான நிறுவனத்தின் சின்னமும் இம்மிருகத்தின் தலைதான். ஒரு தேசம் இப்படிப் பெருமையோடு சூடிக்கொண்ட விலங்கைக் கண்ணால் கண்டவர்கள் அத்தேசத்திலேயே மிகச் சொற்பம் என்பதைப் பிற்பாடுதான் வாசித்தறிந்தோம்.

பெருங்கரு மறிமானின் ஆண் மைக் கறுப்பு. முகத்தில் வெள்ளைக் கோடுகள். பின்னோக்கி வாள்போல் வளையும் கொம்புகள் ஒன்றரை மீட்டரையும் தாண்டும். பெங்குவேலா ரயில்பாதைப் பணியிலிருந்த பொறியாளர் ஃபிராங்க் வேரியனின் பெயரையே 1916இல் இதற்கு அறிவியல் சூட்டியது. வேறெந்த நாட்டிலும் இல்லை. அங்கோலாவின் மலாஞ்ஜே பகுதியில், லுவாண்டோ, கங்கந்தாலா என்னும் இரு காடுகளை ஒட்டியே இதன் வாழ்வு.

1975இல் விடுதலை, கூடவே உள்நாட்டுப் போர். 2002இல் துப்பாக்கிகள் ஓய்ந்தபோது காட்டில் இந்த மான் எஞ்சியிருக்கும் என்று நம்பியவர்கள் குறைவு. இருக்கிறது என்று சொல்லிவந்தவர்கள் அப்பகுதிக் கிராமத்தார் மட்டுமே. (கிராமத்தார் சொல் சான்றாவதற்கு எப்போதும் ஒரு புகைப்படம் தேவைப்படுகிறது.) உயிரியலாளர் பெட்ரோ வாஸ் பிண்டோவின் குழு, விலங்குகள் உப்புமண் நக்க வரும் இடங்களில் தானியங்கிக் கேமராக்களைப் பொருத்தியது. 2005இல் கங்கந்தாலாவில் ஒரு பெண்மான் கூட்டம் படத்தில் விழுந்தது.

செய்தித்தாள்களுக்கு இது போதும்: அழிந்ததென அஞ்சிய உயிர் மீண்டது. நமக்கோ அப்படங்களில் இல்லாத ஒன்றே துயரமாகப் படுகிறது. ஆண்டுகள் சென்றும் அக்கூட்டத்தில் தம்மினத்து ஆண் ஒன்றுகூடத் தென்படவில்லை. பெண்மான்கள் ரோன் என்னும் வேற்றின மறிமானுடன் இணைந்து கலப்பினக் கன்றுகளை ஈன்றிருந்தன. வேட்டைக்காரன் வராமலே, மேய்ந்தும் ஈன்றும் கொண்டிருக்கும்போதே, ஓர் இனம் தன்னை இழந்துகொண்டிருந்தது. உயிரோடிருத்தல் வேறு, எஞ்சுதல் வேறு என்று இதைக் காட்டிலும் தெளிவாக எதுவும் நமக்குச் சொன்னதில்லை.

2009இல் கங்கந்தாலாவில் ஒன்பது பெண்களைப் பிடித்து வேலியிட்ட பரப்புக்குள் சேர்த்தார்கள். லுவாண்டோவில் மயக்க ஊசி போட்டுப் பிடித்த ஆண் ஒன்று ஹெலிகாப்டரில் வந்திறங்கியது. எத்தனை பலவீனமான ஏற்பாடு! அந்த ஓர் ஆணுக்கு ஏதேனும் நேர்ந்திருந்தால்? நேரவில்லை. கலப்பற்ற கன்றுகள் பிறந்தன. 2011இல் லுவாண்டோவிலிருந்து மேலும் சில மான்கள் கொண்டுவரப்பட்டன.

கங்கந்தாலாவுக்கு வேலி இருக்கிறது. பரந்த லுவாண்டோவுக்கு இல்லை. இறைச்சிக்காக வைக்கப்படும் சுருக்குக் கண்ணிகளில் கால் சிக்கி, அறுத்துக்கொண்டு தப்பி, நொண்டியபடி நடமாடும் மான்களை அங்கு ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.