முரளியா, சதாசிவமா: பதுளை நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வாதம்

பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றில் ஒரு முதியவர் தன் கைத்தடியால் அடுத்த லயத்து இளைஞன் தலையில் அடித்துவிட்டார். காயத்துக்குத் தையல் போட வேண்டியிருந்தது. பொலிஸார் தண்டனைச் சட்டக்கோவையின் 314ஆம் பிரிவின் கீழ், வேண்டுமென்றே காயம் விளைவித்ததாக வழக்குத் தாக்கல் செய்தார்கள். பதுளை நீதவான் நீதிமன்றத்தில் முதியவருக்காக நான் ஆஜரானேன்.

சம்பவம் நடந்தது 2010 ஜூலை 22 அன்று இரவு. அன்றுதான் காலி மைதானத்தில் இந்தியாவுக்கு எதிரான டெஸ்டில் முத்தையா முரளிதரன் பிரக்யான் ஓஜாவை வீழ்த்தினார். மஹேல ஜயவர்தன பந்தைப் பிடித்ததும் 800 விக்கெட் ஆயிற்று, முரளியின் டெஸ்ட் வாழ்வும் முடிந்தது. அவருடைய பாட்டனார் தென்னிந்தியாவிலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு வந்தவர். அதனால் மலையகத்தின் ஒவ்வொரு லயமும் அந்தப் பையனைத் தன் வீட்டுப் பிள்ளையாகவே வைத்திருந்தது. தோட்டத்துக் கடையில் தொலைக்காட்சி முன்னால் கூடியவர்கள் இருட்டிய பிறகும் கலையவில்லை. புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை செய்துவிட்டு விடுமுறைக்கு வந்திருந்த இளைஞன், "முரளிக்கு முன்னாலயும் ஆளில்ல, பின்னாலயும் ஆளில்ல" என்றிருக்கிறான். மூலையில் இருந்த முதியவர், "சதாசிவத்தப் பாத்திருந்தா இப்புடிப் பேச மாட்ட" என்றிருக்கிறார். அங்கிருந்து பேச்சு வளர்ந்து, "பொண்டாட்டியக் கொன்னவன முரளியோட சேக்காதீங்க தாத்தா" என்று இளைஞன் சொன்னபோது தடி எழுந்தது.

வழக்கு எங்களிடம் வருமுன் மத்தியஸ்த சபைக்குப் போய் இணக்கமின்றித் திரும்பியிருந்தது. அங்கே அடியை விசாரித்தார்கள், மருந்துச் செலவை விசாரித்தார்கள். அந்த ஒரு வாசகத்தை யாரும் எடுக்கவில்லை.

என் கட்சிக்காரர் சிறுவயதில் தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்கு அனுப்பப்பட்டவர். அவர் நின்ற வீட்டு ஐயா தமிழ் யூனியன் கழகத்து உறுப்பினர். ஓவல் மைதானத்துக்குப் பகல் சாப்பாடு கொண்டுபோகும் வேலை இவருடையது. பாத்திரம் காலியாகும்வரை வேலியோரம் நின்று சதாசிவத்தின் ஆட்டத்தைப் பார்ப்பாராம். "பந்து விக்கெட்காரன் கைக்குப் போய்ச் சேருதுன்னு நெனப்போம் ஐயா. அப்பத்தான் மட்டைய எடுப்பாரு. மெதுவாத் தொட்டு விடுவாரு. அது வேலிய வந்து தட்டும்." அறுபது ஆண்டுக்கு முந்திய ஒன்றை நேற்றுப் பார்த்ததுபோல் சொன்னார்.

மகாதேவா சதாசிவத்தின் ஏட்டுக்கணக்கு சிறியது. 11 முதல்தர ஆட்டங்கள், 753 ஓட்டங்கள், சராசரி 41.83. 1947இல் சேப்பாக்கத்தில் தென்னிந்திய அணிக்கு எதிராக அடித்த 215தான் அதில் பெரிது. 1948 மார்ச்சில் பிராட்மனின் அணி இங்கிலாந்துக்குப் போகும் வழியில் கொழும்பில் இறங்கி விளையாடியபோது, இலங்கையின் தலைவர் அவர். பின்னர் சிங்கப்பூருக்கும் மலாயாவுக்கும் தலைமை தாங்கினார். இலங்கை முதல் டெஸ்டை ஆடியது 1982இல். அதே ஓவல் மைதானத்தில்தான். ஆனால் சதாசிவம் 1977இலேயே இறந்துவிட்டார். முரளிக்கோ 133 டெஸ்ட், 800 விக்கெட், சராசரி 22.72. இந்த இரண்டு ஏடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போட்டியே இல்லை. ஒருவர் காலத்தில் ஏடு திறக்கப்படவே இல்லை என்பதை மறந்தால்தான் அப்படி வைக்க முடியும். வொரெலும் சோபர்ஸும் சதாசிவத்தை உச்சத்தில் வைத்துப் பேசினார்கள் என்று கிரிக்கெட் எழுத்தாளர்கள் எழுதுகிறார்கள். நீதிமன்றத்தில் அது செவிவழிச் சாட்சியம். வேலியோரம் நின்ற பையனின் சாட்சியம் அப்படியல்ல. அவர் கண்ணால் கண்டவர்.

சதாசிவம் 'நம்ம ஆளு' இல்லை என்பதும் இளைஞனின் வாதத்தில் ஒன்று. அதில் எனக்குக் கோபம் வரவில்லை. சதாசிவம் பிராட்மனோடு நாணயம் சுண்டிய அதே 1948இல்தான் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தோட்டத்துத் தமிழரில் மிகப் பெரும்பாலானோர் நாடற்றவர்களானார்கள். கொழும்புக் கழகத்துத் தமிழரும் பசறைத் தோட்டத்துத் தமிழரும் ஒரே நாட்டில் இருந்தார்கள் என்றே சொல்ல முடியாது. என் கட்சிக்காரர் அந்த நாடற்றவர்களில் ஒருவர். அப்படியிருந்தும் அந்த மனிதருக்காகத் தடி தூக்கினார். ஏனென்று கேட்டேன்.

"கோர்ட்டு விட்ட ஆள நாம புடிச்சு வைக்கலாமா ஐயா?"

சதாசிவத்தின் அந்தக் கொலை வழக்கைப் படிக்காமல் இலங்கையில் ஒருவர் குற்றவியல் சட்டத்தரணியாக வர மாட்டார். 1951 அக்டோபர் 9 அன்று சதாசிவத்தின் மனைவி அவர்களது கொழும்பு வீட்டில் கழுத்து நெரிக்கப்பட்டு இறந்து கிடந்தார். நான்கு பெண் பிள்ளைகளின் தாய். கணவர் கைதானார். வீட்டு வேலைக்காரர் மன்னிப்புப் பெற்று அரச தரப்புச் சாட்சியானார். உயிர் எத்தனை மணிக்குப் பிரிந்தது என்பதிலேயே எல்லாம் தங்கியிருந்தது. சதாசிவம் காலை பத்தரை மணியளவில் வீட்டை விட்டுப் போயிருந்தார். உடல் ஆறிய வேகத்தை வைத்து பேராசிரியர் த சேரம் ஒரு நேரத்தைக் கணித்தார். எதிரிக்காக வாதாடிய கொல்வின் ஆர். டி சில்வா அந்தக் கணிப்பைத் துருவித் துருவி அசைத்தார். எடின்பரோவின் சேர் சிட்னி ஸ்மித் எதிரித் தரப்பில் நிபுணராகச் சாட்சி சொன்னார். 57 நாள் விசாரணைக்குப் பின் 1953 ஜூன் 25 அன்று ஜூரிமார் ஏகமனதாக 'குற்றவாளியல்ல' என்றார்கள். அதற்குள் அவர் ஏறத்தாழ 20 மாதம் விளக்கமறியலில் கழித்துவிட்டார். அந்தப் பெண்ணின் மரணத்துக்காக யாரும் தண்டிக்கப்படவில்லை. அந்தத் துயரம் அப்படியே இருக்கிறது. ஆனால் நிரபராதி என்று வெளிவந்தவரின் பெயருக்கு முன்னால் கொலைகாரன் என்று ஒட்டுவதால் அதற்கு ஒரு பதிலும் கிடைக்காது.

தவணை நாளன்று நீதிமன்ற விறாந்தையில், தாய்மாமனை வைத்துக்கொண்டு இளைஞனோடு பேசினேன். தையல் தழும்பைக் காட்டினான். நான் முரளியைப் பற்றிக் கேட்டேன். புறக்கோட்டையில் கூட வேலை செய்பவன் ஒருவன் முரளி எறிகிறார் என்று சொன்னதற்கு அவன் கைகலப்பு வரைக்கும் போயிருக்கிறான். 1995 டிசம்பர் 26, மெல்பேர்ண், நடுவர் டரல் ஹேர் ஏழு தடவை நோ போல் கொடுத்தது, எல்லாம் மனப்பாடம்.

"ஹேர் கண்ணால பாத்தவருதானே தம்பி? அவரு சொன்னத ஏன் ஏத்துக்கல?"

"அது கண்ணுக்கு அப்புடித் தெரியும் சேர். யுனிவர்சிட்டில டெஸ்ட் பண்ணிப் பாத்தாங்கல்ல?"

பார்த்தார்கள்தான். 1996இல் மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங் அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலும் அளந்தார்கள். பிறவியிலேயே முழுதாக நிமிராத முழங்கை, எறிவதுபோன்ற தோற்றத்தைத் தருகிறது என்றார்கள். 2004இல் தூஸ்ரா பந்து குறித்து மறுபடி கேள்வி எழுந்தது. முழங்கையை அசையவிடாத கவசத்தை மாட்டிக்கொண்டு கமெராவின் முன் வீசிக் காட்டினார் முரளி. மற்றப் பந்துவீச்சாளர்களையும் அளந்தபோது பெரும்பாலானோரின் கை ஓரளவு நிமிர்வது தெரிந்தது. பிறகுதான் 15 பாகை என்ற எல்லை எல்லோருக்கும் பொதுவாக வந்தது.

"முரளிக்கு யுனிவர்சிட்டி. சதாசிவத்துக்கு ஜூரி" என்றேன். அவன் பேசவில்லை. தாய்மாமன்தான் பேசினார். "கெழவன் கையோங்குனது பெழதான் சேர். நம்ம பயலும் தெரியாத பேச்ச பேசிட்டான்."

அடித்தது தவறு என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. முதியவரிடமும் அதையே சொன்னேன். எந்தச் சொல்லும் தடிக்கு நியாயமாகாது. அவர் மருந்துச் செலவைக் கொடுக்க ஒப்பினார். ஒரு நிபந்தனை வைத்தார்: அந்த வாசகத்தை இளைஞன் திரும்பப் பெற வேண்டும். முரளியே பெரியவர் என்று அவன் சொல்லிக்கொண்டு போவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை.

யார் பெரியவர் என்று என்னைக் கேட்டால் முரளி என்பேன். பதினெட்டு ஆண்டுகள், எல்லா நாட்டு ஆடுகளங்களிலும், ஒவ்வொரு முழங்கை அசைவையும் உலகம் உற்றுப் பார்க்கும்போது நிரூபித்தவர். சதாசிவத்துக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்குச் சாட்சியமில்லை. ஆனால் அவருடைய ஏடு சிறியதாக இருப்பதற்குக் காரணம் அவருடைய மட்டை இல்லை.

குற்றவியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 266ஆம் பிரிவின்படி வழக்கை இணக்கமாக முடிக்க நீதவான் அனுமதித்தார். முறைப்பாட்டாளர் சமாதானமடைந்ததாகவும் எதிரி விடுவிக்கப்பட்டதாகவும் வழக்கேட்டில் சிங்களத்தில் எழுதப்பட்டது. அதற்குச் சற்று முன்னர், வெளியே படியில் நின்று, "அவரு கொலகாரன் இல்ல தாத்தா, நான் சொன்னது தப்பு" என்று இளைஞன் தமிழில் சொன்னான். அந்த வாசகம் வழக்கேட்டில் இல்லை. அதனால்தான் இங்கே எழுதி வைக்கிறேன்.